விஜய் அமிர்தராஜைக் கொன்றிருக்கக் கூடாது

‘ஆக்டோபசி’ என்று அந்தப் படத்துக்குப் பெயர். ஆனால் எங்கள் கோவில்பட்டியில் அதை அந்தப் பெயர் சொல்லிப் பேசியவர்கள் குறைவு. டீக்கடை பெஞ்சில் அது விஜய் அமிர்தராஜ் படம். தீப்பெட்டி ஆபீஸில் அது ஆட்டோ சண்டைப் படம். பருத்தி போட வண்டி பூட்டி வந்து, காசு கைக்கு வந்ததும் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டு ஊர் திரும்பிய சம்சாரிகளுக்கு அது வெள்ளைக்காரன் புலியை அதட்டி உட்காரவைத்த படம். ஜேம்ஸ்பாண்ட் வரிசையில் அது 13ஆவது என்பதோ, ரோஜர் மூருக்கு அது 6ஆவது என்பதோ, அதில் நடித்தபோது அவருக்கு 55 வயது என்பதோ எங்களில் யாருக்கும் தெரியாது. 1983 ஜூன் 6ஆம் தேதி லண்டனில் அது முதன்முதலாகத் திரையேறியது. அதே லண்டனில் கபில்தேவ் உலகக் கோப்பையைத் தூக்க அப்போது இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. படப்பெட்டி பெரிய ஊர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்து, திரை முழுக்க மழைக்கோடு விழுகிற பதத்தில் எங்கள் ஊர்க் காலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தபோது, கபில்தேவ் கோப்பையோடு நிற்கும் படம் எங்கள் வீட்டுச் சுவர்களில் வெளுத்துப் போயிருந்தது.

அந்தத் தாமதத்தை இப்போது நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஒரு படம் வருவதற்கு முன்னால் அதைப் பற்றி ஊரில் ஒரு பருவம் முழுக்கப் பேச்சு நடக்கும். மதுரையில் பார்த்துவிட்டு வந்தவர் ஒருவர் இருப்பார். அவர் சொன்ன கதையைக் கேட்டு இன்னொருவர் வேறு மாதிரிச் சொல்வார். பார்க்காதவர்களுக்குள்ளேயே பார்த்தவர்களைவிடத் துல்லியமான அபிப்பிராயங்கள் உருவாகிவிடும். பக்கத்தில் இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்து வளர்ந்த மண் இது. கதை சொல்லவும் கேட்கவும் ஆள் பஞ்சமில்லாத கரிசல் காடு. மழை பொய்க்கும், கம்பு பொய்க்கும், பேச்சு மட்டும் எந்த வருஷமும் பொய்த்ததில்லை. அப்போது நாங்கள் திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள். 1986இல்தான் தனி மாவட்டமாகப் பிரித்து எங்களைத் தூத்துக்குடியோடு சேர்த்தார்கள்.

எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு ஜேம்ஸ்பாண்ட் என்றால் ஜெய்சங்கர்தான். சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘வல்லவன் ஒருவன்’ 1966இலும், ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970இலும் வந்து அவரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆக்கியிருந்தன. அந்த இரண்டாவது படத்தில் நடித்த சகுந்தலா ஆயுள் முழுக்க சி.ஐ.டி. சகுந்தலா என்றே அழைக்கப்பட்டார். என் சின்னையா போன்றவர்கள் அசல் ஜேம்ஸ்பாண்டைப் பார்க்கப் போகும்போதே ஒரு தீர்ப்போடுதான் போவார்கள். “நம்ம ஜெய்சங்கர் ஒரு குத்து விட்டா சத்தம் வெளிய ரோடு வரைக்கும் கேக்கும்டா. இவன் சட்டை கசங்காம அடிக்கான்” என்பது அவருடைய நிலையான குற்றச்சாட்டு.

எங்கள் வயதுக்காரர்களின் உளவாளிகளோ சிவகாசியிலிருந்து வந்தவர்கள். 1972இல் அங்கே தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும், சி.ஐ.டி. லாரன்ஸும் டேவிட்டும், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் அச்சாகி எங்கள் கைக்கு வந்தார்கள். 1984இல் லயன் காமிக்ஸ் மாடஸ்டியோடு வந்தது. அதே சமயத்தில் வந்த ராணி காமிக்ஸில் ஜேம்ஸ்பாண்டே சுத்தத் தமிழ் பேசினார். ஒரு புத்தகத்தை ஒருவன் வாங்க, அது தெருத் தெருவாகப் போய், அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமல் வாங்கியவனிடமே திரும்பி வரும். வில்லன் என்ன ஆனான் என்பதை அவனுக்கு யாராவது வாயால் சொல்லித்தான் முடிக்க வேண்டும். அப்படி வாயால் முடிக்கப்பட்ட கதைகள் அச்சில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தன என்று நான் இன்றும் நம்புகிறேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பையன் இருந்திருப்பான், நினைத்துப் பாருங்கள்.

இங்கிலீஷ் படத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் அம்மாக்கள் முகம் மாறும். ‘நம்ம டென்னிஸ் ஆட்டக்காரர் நடிச்சிருக்கார்’ என்பது அந்த வகையில் எங்களுக்குக் கிடைத்த நல்ல அனுமதிச் சீட்டு. மதராஸில் பிறந்த விஜய் அமிர்தராஜின் பெயர், டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்த்திராத எங்கள் ஊரிலும் பரவியிருந்தது. 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் கால் இறுதி வரை போனவர். 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு வந்த இந்திய அணியில் இருந்தவர். எதிரணி நிறவெறி தென்னாப்பிரிக்கா என்பதால் அந்தப் போட்டியை ஆட மாட்டோம் என்று இந்தியா விட்டுக்கொடுத்தது. அந்தச் செய்தியை டீக்கடையில் படித்துக் காட்டிய ஒரு வாத்தியார், கோப்பையை விட்டது பெரிசா, மானத்தை விடாதது பெரிசா என்று கேட்டதைப் பெரியவர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பத்மஸ்ரீ விருது அவருக்கு வந்ததும் 1983இல்தான். அப்பேர்ப்பட்டவர் ஜேம்ஸ்பாண்டுக்குத் தோழனாக, அதுவும் விஜய் என்ற தன் சொந்தப் பெயரிலேயே வருகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

காட்சிக்குள் போனால் முதல் வேலை, கதை சொல்லுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது. ஜி.வி.என். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் எங்களுக்கு அந்த உபகாரம் செய்தார். திரையில் ஒருவர் பேசி முடித்ததும் இவர் தமிழில் சொல்லுவார். முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவருக்குக் கடத்துவார். ரஷ்ய அரச குடும்பத்து நகைமுட்டை ஒன்று லண்டனில் ஏலத்துக்கு வருகிறது, அதன் போலியை வைத்துக்கொண்டு ஒரு கும்பல் என்னவோ செய்கிறது என்பதுதான் படத்தின் தொடக்கம். எங்கள் வரிசைக்கு வந்து சேர்ந்தபோது அது, சாமி நகையைத் திருடிக் கவரிங்கை மாட்டிவிட்ட கதையாக மாறியிருந்தது. அப்படி மாறியதால் எங்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரிந்தது. படத்தை இப்போது மறுபடி பார்க்கும்போதும், ஏலக் காட்சியில் என் மனசுக்குள் அந்த அண்ணனின் குரல்தான் கேட்கிறது.

படம் உதய்ப்பூருக்கு வந்தது. தாஜ்மகால் தெரிகிறது, அடுத்த மூச்சில் ஏரிக்கு நடுவில் வெள்ளை அரண்மனை. ரயிலில் ஒருமுறை வடக்கே போய்வந்த பெரியவர் ஒருவர், “ஆக்ரா எங்க கெடக்கு, அது எங்க கெடக்கு” என்று எழுந்தே நின்றுவிட்டார். படித்துறையில் மகுடி ஊதிக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ்பாண்டின் இசையையே ஊத, அவர்தான் விஜய் அமிர்தராஜ் என்று தெரிந்ததும் எழுந்த விசில் சத்தத்தில் அடுத்த நாலைந்து வசனம் அண்ணனுக்கே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அபிப்பிராயங்கள் பிரியத் தொடங்கின. அந்தப் பிரிவினையில் யாரும் அடுத்தவர் சொன்னதைத் தன் கருத்தாகச் சொல்லவில்லை. அவரவர் கைத்தொழிலும் அவரவர் கும்பிடும் சாமியும் அவரவர் பசியும் அவரவர் வாயால் பேசின.

வில்லன் கமல் கான் மாளிகையில் ஒரு விருந்துக் காட்சி. முழு ஆட்டுத்தலையைத் தட்டில் வைக்கிறார்கள். அவர் அதன் கண்ணைத் தோண்டி எடுத்து வாயில் போடுகிறார். அந்த இடத்தில் மேல்நாட்டுப் பார்வையாளர்கள் முகம் சுளிக்க வேண்டும் என்று எடுத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். எங்கள் கொட்டகையில் எச்சில் ஊறியது. கொடை கழித்து மறுநாள் தலைக்கறி வேகும்போது, கண்ணும் நாக்கும் யாருக்கு என்று அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை நடக்கிற ஊர் இது. இருட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா, “முழுசா வச்சா எப்படிய்யா உள்ள வேகும், மசாலா எப்படிச் சாரும்?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. உலகத்தில் அந்தக் காட்சியைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருப்பார்கள். அதைச் சமையல் குறையாகக் கண்டது எங்கள் பக்கத்து மனுஷி ஒருத்திதான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆட்டோ சண்டைக்குக் கைதட்டாதவர் இல்லை. விஜய் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே டென்னிஸ் மட்டையால் துரத்துகிறவர்களை விளாச, தெருவில் நிற்கிற கூட்டம் ஆட்டம் பார்ப்பதைப்போல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். எங்கள் ஊர் ஹாக்கி ஊர். தெருவுக்குத் தெரு மட்டை பிடித்த பையன்கள் இருந்த காலம். “டென்னிஸ் மட்டை நரம்பு அறுந்துரும், ஹாக்கி மட்டைன்னா ஒரே வீச்சு” என்று மைதானத்துக்காரர்கள் கடைசி வரை அடித்துச் சொன்னார்கள். ஆனால் அதே சண்டையில் ஆணிப்படுக்கைச் சாமியாரும், வாள் விழுங்குகிறவரும், தணலில் நடக்கிறவரும் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஒரே தெருவில் இத்தனை பேரா என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. பூக்குழி இறங்குகிற குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இடைவேளையில் கடலைமிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தின்னாமலே பேசினார். “காப்புக் கட்டி, வெரதம் இருந்து, ஆத்தாள நெனச்சு எறங்குறதுடா அது. அத வேடிக்க காட்டலாமா?” என்றார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் வருத்தத்துக்குப் பின்னால் ஒரு கோயிலும், ஒரு நேர்த்திக்கடனும், நடுங்கிக்கொண்டே இறங்கிய ஓர் இரவும் இருந்தன.

துரத்துகிறவர்களைத் தடுக்க ஜேம்ஸ்பாண்ட் சூதாட்டத்தில் ஜெயித்த ரூபாய் நோட்டுகளைக் கூட்டத்துக்குள் வீசுகிறார். ஜனங்கள் மொய்த்துக்கொண்டு பொறுக்குகிறார்கள். அதற்கு முன்னால் ஜெயித்த பணத்தில் கொஞ்சத்தைத் தன் இந்திய உளவுத் துணைவரிடம் கொடுத்து, சில வாரம் குழம்புக்கு ஆகும் என்கிற அர்த்தத்தில் ஒரு சொல் சொல்கிறார். அண்ணன் அந்த வசனத்தை மட்டும் தமிழில் சொல்லவில்லை. புரியாமல் விட்டாரா, புரிந்து விட்டாரா என்பதில் அன்றைக்கே இரண்டு கட்சி. அவர் அதை எங்களுக்குச் சொல்ல மனமில்லாமல் விழுங்கிவிட்டார் என்பது என் கட்சி.

நோட்டு வீசுகிற அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கூட்டமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. தரை டிக்கெட்டில் இருந்த பிள்ளைகளில் பலர் தாங்களே பெட்டி ஒட்டி, கட்டை அடுக்கிச் சம்பாதித்த காசில் படம் பார்க்க வந்தவர்கள். அந்த நாட்களில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக் கிராமங்களுக்கு விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கச் சடவு போகாத பிள்ளைகளைத் தாய்மார் தோளைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். வானம் பார்த்த பூமியில் விளைச்சல் கைவிட்ட வருஷங்களில் அந்தப் பிள்ளைகளின் கூலிதான் அடுப்பெரித்தது. என் வகுப்பில் பாதியில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும். இந்தியாவை இப்படிக் காட்டலாமா என்று நாங்கள் பொருமியபோது, திரையில் இல்லாத அந்த பஸ் வெளியே நின்றுகொண்டுதான் இருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டமும் பள்ளிக்கூடமும் சத்துணவும் ஊர்ப் பெரியவர்கள் சிலரின் பிடிவாதமுமாகச் சேர்ந்து, மெல்ல மெல்லத்தான் அந்த பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள்.

ரோஜர் மூர் பின்னாளில் சொன்ன ஒன்றைப் படித்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கரைந்துபோனது. ‘ஆக்டோபசி’ படப்பிடிப்புக்காக இந்தியாவுக்கு வந்தபோது கண்ட வறுமை தன்னை உலுக்கிவிட்டது என்றார். நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் அழைக்க, 1991இல் யுனிசெஃப் நல்லெண்ணத் தூதரானார். 2017இல் சாகும் வரை குழந்தைகளுக்காக நாடு நாடாகப் போனார். திரையில் நோட்டை வீசியவரும் அவர்தான், கேமரா நின்ற பிறகு அந்தத் தெருவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். ஊரில் பூக்குழிப் பெரியவர் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

விஜய் அமிர்தராஜ் செத்துப்போகும் காட்சிக்கு வருகிறேன். கதையின் பாதியைத் தாண்டும் இடத்தில் கூலிக் கொலையாளிகள் அவரைக் கொன்றுவிடுகிறார்கள். கொட்டகை ஒருமித்து இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். சிலர் எழுந்தே போய்விட்டார்கள். அவர்கள் பார்க்க வந்த படம் அதோடு முடிந்துவிட்டது. டீக்கடையில் இதைப் பற்றி நடந்த விவாதத்துக்கு ஆயுள் அதிகம். கூட வருகிறவன் சாவது அந்தப் படங்களின் வழக்கம், வெள்ளைக்காரனே கூட வந்தாலும் சாவான் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். ஆட்டோ ஓட்டிக் காப்பாற்றியவனுக்காக ஜேம்ஸ்பாண்ட் இரண்டு நிமிஷம் நிற்கவில்லையே என்றார்கள் மற்றவர்கள். நம் படத்தில் நண்பன் செத்தால் ஒரு சோகப் பாட்டாவது உண்டு. இவர்கள் அடுத்த காட்சிக்கே போய்விட்டார்கள்.

கடைசியில் ஜெர்மனியில் ஒரு சர்க்கஸ் கூடாரம். உள்ளே அணுகுண்டு. ஜேம்ஸ்பாண்ட் கோமாளி வேஷத்தில் ஓடிவந்து குண்டு இருக்கிறது என்று கத்துகிறார். கோமாளி சொல்வதை யார் நம்புவார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். எங்கள் கொட்டகையில் ஒரு சத்தமில்லை. மருந்து முக்குகிற வேலை பார்த்த ஒருவர் எனக்கு முன்னால் இருந்தார். “மூஞ்சியில சாயம். வேர்வை கண்ணுல எறங்கிச்சுன்னா கை ஆடிரும். ஆடுச்சுன்னா போச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மருந்துக்குப் பக்கத்தில் கை ஆடினால் என்ன ஆகும் என்று எங்கள் வட்டாரத்துக்குத் தெரியும். அந்தக் காட்சியை அத்தனை பயத்தோடு பார்த்த கூட்டம் வேறு எங்கும் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

சில வருஷம் கழித்து, 1986இல், நம்முடைய ‘விக்ரம்’ வந்தது. சுஜாதா கதை, கமல்ஹாசன் உளவாளி, களவுபோன ஏவுகணை, கம்ப்யூட்டர். நாங்கள் விழுந்தடித்துக்கொண்டு போனோம். அதில் சலாமியா என்றொரு கற்பனை நாடு. அம்ஜத் கான் அதன் ராஜா. அந்த நாட்டு மனிதர்களையும் சடங்குகளையும் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு படத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்க அப்போது எவருக்கும் தோன்றவில்லை. லண்டன்காரர்கள் நம்மை வைத்துச் சிரித்த மாதிரியே நாமும் இல்லாத ஒரு நாட்டை வைத்துச் சிரித்திருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது. தூரத்து ஊர்க்காரர்களை வேடிக்கை மனிதர்களாக்குவது லண்டனுக்கு மட்டும் சொந்தமான குணம் இல்லை. அந்தப் படமும் அன்று பாதிப்பேருக்குப் பிடித்து, பாதிப்பேருக்குப் பிடிக்காமல்தான் போனது. 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரையும் அதே உளவாளியையும் மறுபடி கொண்டுவந்த பிறகு, எப்போதுமே அதைக் கொண்டாடியவர்களைப்போல் பலரும் பேசுகிறார்கள். நல்லதுதான். படங்களுக்கும் நல்ல காலம் தாமதமாக வரலாம்.

இப்போது ‘ஆக்டோபசி’ என் சட்டைப்பையில் இருக்கிறது. எந்த நேரத்திலும், எந்த ஊரிலும், கோடு விழாமல், கீழே எழுத்தோடு பார்க்கலாம். டேனியல் கிரெய்க் காலத்துப் படங்கள் தமிழிலேயே பேசின. கதை சொல்லுகிற அண்ணன்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பது வருஷம் கழித்து அந்த நகைமுட்டை விவகாரம் உண்மையில் என்னவென்று எனக்குப் புரிந்ததே அந்தக் கீழெழுத்தால்தான். புரிந்த கதையைவிடச் சாமி நகைக் கதை நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தபோது அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். மின்விசிறிச் சத்தம், மடிக்கணினி, இரண்டே பேர். நான் எங்கெங்கே சிரித்தேனோ அங்கெல்லாம் அவள் முகம் இறுகியது. கொடியைப் பிடித்துத் தொங்கி டார்ஸான் மாதிரி கூவுகிற இடத்தில், “மாமா, இதுக்கா கைதட்டினீங்க?” என்றாள். ஆமாம் என்றேன், இப்போதும் தட்டுவேன் என்றேன். அந்த உருண்டு திரண்ட உற்சாகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. குழம்பு வசனம் அவளுக்கு நேராகவே புரிந்தது, படத்தை நிறுத்திவிட்டு, “இத எப்படிப் பொறுத்துக்கிட்டீங்க?” என்று கேட்டாள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றேன்.

ஆனால் நாங்கள் நாற்பது வருஷமாகப் பார்க்காத ஒன்றை அவள் பார்த்தாள். ஏரி நடுவில் அந்த அரண்மனையில் பெண்கள் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களே கடத்துகிறார்கள், காவல் காக்கிறார்கள், சர்க்கஸும் நடத்துகிறார்கள். கடைசியில் வில்லன் கோட்டைக்குள் முதலில் நுழைவதும் அவர்கள்தான். “படமே அவங்களோடது மாமா. இவரு ஊடால வந்துட்டுப் போறாரு” என்றாள். எங்கள் டீக்கடை பெஞ்சில் ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லை. ஆட்டோ சண்டைப் படம் என்று பேர் வைத்த தீப்பெட்டி ஆபீஸ் பெண்களிடம் அந்த அரண்மனையைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. அந்த அபிப்பிராயம் யாரும் கேட்காமலே எங்கள் ஊரில் எங்கோ கிடந்து போயிருக்கிறது.

அவள் ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் போட்டாள். எதற்கு அந்த அரை என்றேன். கோமாளிக் காட்சிக்கு என்றாள். அந்த இடத்தில் அவளும் மூச்சு விடாமல்தான் இருந்தாள். மருந்து முக்குகிறவர் சொன்னதைச் சொன்னபோது கையைப் பிசைந்துகொண்டாள். அவளுடைய பாட்டி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள்.

ஊர் மாறித்தான் இருக்கிறது. கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது; இடைவேளையில் கொட்டகை வாசலில் பொட்டலம் கட்டிக் கொடுத்தது இன்று கப்பலேறுகிறது. தீப்பெட்டி விலை 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. மலிவு லைட்டர்கள் வந்து தொழிலை அரித்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் டெல்லி வரை போய் மன்றாடி, 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர்களின் இறக்குமதியை 2023இல் நிறுத்தவைத்தார்கள். 1989இல் வந்த ‘லைசென்ஸ் டு கில்’ படத்தில் ஜேம்ஸ்பாண்ட் ஒரு லைட்டரைக் கொண்டுதான் வில்லனைக் கொளுத்துவார். எங்கள் ஊரில் அதைப் பார்த்த ஒருவர், ஒரு தீக்குச்சி போதாதா என்று மனம் நொந்து கேட்டார். கிராமத்துக்கு விடியற்காலை வண்டி இன்றும் வருகிறது. அதில் பெரியவர்கள் ஏறுகிறார்கள். பிள்ளைகள் ஏறுவது அதற்கப்புறம் வரும் மஞ்சள் வண்டியில். அந்த மஞ்சள் நிறத்துக்காக, காலைக்காட்சியையும் தரை டிக்கெட்டையும் நூறு தடவை விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்த பிறகும் அவற்றை நினைத்து ஏங்குவதற்கு உரிமை உண்டு என்றும் நினைக்கிறேன்.

இந்த ஆவணியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தக் காலத்து நண்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். விஜய் அமிர்தராஜ் 2024இல் சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் சேர்க்கப்பட்டதை அவன் தன் சொந்தக்காரர் சங்கதியைப்போல் சொன்னான். படம் சுமார்தான், பாதி விளையாட்டு, பாதி உருப்படி, எதையும் முழுசாகச் செய்யவில்லை என்பது அவன் கட்சி. விளையாட்டும் உருப்படியும் கலந்திருப்பதால்தான் அது இத்தனை வருஷம் பேச்சுக்கு நிற்கிறது, சீராக இருந்திருந்தால் ரசம் வருவதற்குள் மறந்திருப்போம் என்பது என் கட்சி. எதிர் இலையில் இருந்த இளவட்டம் ஒருவன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, ஜேம்ஸ்பாண்ட் இப்போது அமேசான் கைக்குப் போய்விட்டது, அடுத்த படத்தை டெனி வில்நவ் எடுக்கப்போகிறார் என்று செய்தி சொன்னான். உடனே நண்பன் படப்பிடிப்புக்கு இடம் தேட ஆரம்பித்துவிட்டான். கழுகுமலை வெட்டுவான் கோவிலில் ஒரு சண்டை. கயத்தாறுக் காற்றாலைகளுக்கு நடுவே ஒரு துரத்தல். மழை பெய்த மறுநாள் கரிசலில் காரை இறக்கினால் எப்பேர்ப்பட்ட ஜேம்ஸ்பாண்டும் ஓரடி நகர முடியாது, டிராக்டர் வைத்திருக்கும் நம் ஆள் ஒருவன் வந்துதான் இழுத்துவிட வேண்டும்.

“அந்த டிராக்டர்க்காரன கடைசி வரைக்கும் கொல்லப்படாது. அத மட்டும் மொதல்லயே எழுதி வாங்கிரணும்” என்றான், பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லிக்கொண்டே.